தோல் உரிந்தது முதுகில், விஷம் கிளம்பியது கழுத்தில்

சென்னை காசிமேட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல மகள் போனில் அடித்து அனுப்பிய நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 54 வயது. கடலுக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. வலையின் கிழிசலைத் தைத்துக் கொடுப்பதுதான் இப்போதைய பிழைப்பு. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு, ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துக் கையில் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டதால் கழுத்தில் டியூப் வைத்திருந்தார்கள். அந்த டியூப் உள்ளே போகிற இடம் ஒரு வாரமாகச் சிவந்து, லேசாகச் சீழும் கட்டியிருந்தது. "பிளாஸ்திரிய மாத்தி மாத்தி ஒட்டிக்கினு இருந்தாரு, டாக்டரம்மா." ஒரு ராத்திரி குளிர்ஜுரம் வந்தது. உடம்பு வலிக்கிறது என்றதும் மனைவி மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். விடிந்ததும் முகம், அக்குள், தொடையிடுக்கு எல்லாம் சிவப்பு. துணி பட்டாலே எரிச்சல். மாமியார் பார்த்துவிட்டு, "அம்மா வந்திருக்கா" என்று வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார். மூன்றாம் நாள் காலையில் முதுகை ஈரத்துணியால் ஒற்றினால், "பால் ஏடு மாதிரி தோலு துணியோட வந்துடுச்சு".

பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி இரண்டு நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். நிலைமை மோசமாகி அரசு மருத்துவமனைக்குப் போனபோது, தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து, ரத்தத்தில் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்து, கழுத்து டியூபை எடுத்துவிட்டார்கள். பதினெட்டு நாள் கழித்து வீடு. ஒரு மாதம் ஓடிவிட்டது, தோல் மூடிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த பெயர்: ஸ்டெஃபைலோகாக்கல் ஸ்கால்டட் ஸ்கின் சிண்ட்ரோம். கிருமியின் விஷத்தால், வெந்நீர் பட்டு வெந்ததுபோல் தோல் உரிகிற நோய்.

அவர் கேட்பது இவை: நான் கொடுத்த மாத்திரையால்தான் வந்ததா? கொப்புளத் தண்ணீரில் கிருமியே இல்லை என்றார்கள், அப்புறம் கிருமி நோய் என்கிறார்கள், எது நிஜம்? மூன்று மாதப் பேத்தியை வீட்டுக்குக் கூட்டிவரலாமா? மீன் சாப்பிடலாமா? மறுபடி வருமா? தம்பி கேஸ் போடச் சொல்கிறான், போடலாமா? கடைசியாக ஆடி மாத வேண்டுதல் பற்றி ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். கடிதத்தில் நாலு இடத்தில் அதற்கே திரும்பி வருகிறீர்கள். தூக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் தோல் உரிந்தது நீங்கள் கொடுத்த மாத்திரையால் அல்ல. நீங்களே எழுதிய வரிசையைப் பாருங்கள். ஒரு வாரமாகக் கழுத்தில் சீழ், பிறகு குளிர்ஜுரம், அதற்கப்புறம்தான் மாத்திரை. மருந்து ஒவ்வாமல் தோல் மொத்தமாக உரிகிற நோய் ஒன்று உண்டு. அது பொதுவாக மருந்தைத் தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வரும். ராத்திரி ஒன்று போட்டு விடிந்ததும் உடம்பெல்லாம் சிவப்பது அதன் நடை இல்லை.

மாத்திரை பற்றி வேறு ஒன்று சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவருக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கூடாது. மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச சிறுநீரையும் அது குறைத்துவிடும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். காய்ச்சலுக்கு என்ன கொடுக்கலாம் என்று டயாலிசிஸ் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி அலமாரியில் ஒட்டிவையுங்கள்.

கொப்புளத்தில் கிருமி இல்லை, ஆனாலும் கிருமி நோய்தான்

இரண்டுமே நிஜம். இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நம்மில் நிறையப் பேரின் மூக்குக்குள் சும்மா குடியிருக்கிறது. சீழ்க்கட்டிகள் பெரும்பாலும் அதன் வேலைதான். அதில் சில ரகங்கள் மட்டும் ஒரு விஷத்தைச் சுரக்கும். கிருமி இருக்கிற இடத்திலேயே இருக்கும், விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்விடும். உங்கள் வீட்டில் கிருமி குடியிருந்த இடம் கழுத்து டியூப். உரிந்த இடம் முதுகு, அக்குள், தொடை. முதுகுக் கொப்புளத்தில் தண்ணீர் எடுத்துத் தேடினால் கிருமி எப்படிக் கிடைக்கும்? ரத்தத்தில் தேடியதால் கிடைத்தது. குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தால் ரத்தத்திலும் பெரும்பாலும் கிடைக்காது. பெரியவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும்.

அந்த விஷம் தோலில் என்ன செய்கிறது என்பதை உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே எனக்குச் சொல்வார். வலையில் கயிறு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், முடிச்சு அவிழ்ந்தால் கண்ணி பிரிந்துவிடும். தோலின் செல்களையும் இப்படி முடிச்சுகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. மேல்தோலில் முக்கியமான முடிச்சுக்கு டெஸ்மோக்ளீன் ஒன்று என்று பெயர். இந்த விஷம் அதை மட்டும், கத்தரி வைத்ததுபோல், நறுக்கிவிடும். செல்கள் சாகவில்லை, பிடி விட்டுப்போயிற்று. அதனால்தான் தோல் அவ்வளவு மெல்லிசாக ஏடு ஏடாக வந்தது. அதனால்தான் இரண்டு வாரத்தில் தழும்பில்லாமல் மூடியும்விட்டது. இப்போது அங்கங்கே தெரிகிற கறுப்பு நிறம் சில மாதங்களில் மங்கும். அதற்குக் கடையில் விற்கும் எந்த க்ரீமும் போடாதீர்கள். பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும்.

வாய்க்குள் புண் வந்ததா என்று அரசு மருத்துவமனையில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காரணம் இருக்கிறது. வாய்க்குள் இன்னொரு வகை முடிச்சும் சேர்ந்து பிடித்திருக்கும். இந்த விஷத்தால் அதைத் தொட முடியாது. மருந்தால் தோல் உரிகிற நோயில் வாய், கண், பிறப்புறுப்பு எல்லாம் புண்ணாகும். இவருக்கு உதட்டைச் சுற்றி வெடித்திருந்தது, உள்ளே சுத்தமாக இருந்தது. அந்த டாக்டருக்கு அங்கேயே சந்தேகம் தட்டியிருக்கும். "சதையை அறுத்தாங்க" என்று உங்கள் மகள் பயந்த அந்தத் துண்டு அரிசி மணி அளவுதான் இருந்திருக்கும். மருந்து நோயில் மேல்தோல் முழு ஆழத்துக்கும் செத்துப்போயிருக்கும். இதில் மேலாக ஒரு பிளவு மட்டும் தெரியும். அந்த வித்தியாசத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் ஸ்டீராய்டை நிறுத்திக் கிருமிக்கொல்லி மருந்துக்கு மாறியிருக்கிறார்கள்.

அவருக்கு மட்டும் ஏன்?

இது அடிப்படையில் குழந்தைகளின் நோய். 1878-இல் பிராக் நகரத்தின் அனாதைக் குழந்தைகள் விடுதியில் 297 சிசுக்களுக்கு இப்படி வந்ததை ரிட்டர் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். கிருமியின் விஷம்தான் காரணம் என்பது 1970-இல் எலிக்குஞ்சுகளை வைத்து நிரூபணமானது. பெரியவர்களுக்கு ஏன் வருவதில்லை என்றால், வளர்ந்தபின் பெரும்பாலோர் ரத்தத்தில் இந்த விஷத்துக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கும். அதையும் மீறி வந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. டயாலிசிஸ் எந்திரம் யூரியாவை எடுப்பதுபோல் இந்த விஷத்தை எடுக்காது, அதன் மூலக்கூறு பெரியது. இரண்டு பூட்டும் திறந்து கிடந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளில் இதனால் இறப்பவர்கள் 100-க்கு 5-க்கும் குறைவு. பெரியவர்களில், இதுவரை மருத்துவ இதழ்களில் பதிவானவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. தோல் உரிந்ததால் அல்ல, உள்ளே ஏற்கெனவே இருந்த அடிப்படை நோயாலும் ரத்தத்தில் பரவிய கிருமியாலும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அந்தக் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார். "தோல்தானே, ஆறிடுச்சு" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இனி நீங்கள் கவனிக்க வேண்டியது டியூபும் சர்க்கரையும்தான்.

வேப்பிலை

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் அம்மை என்று நினைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. என் பாட்டி அக்கிக்குக்கூடக் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய் காவி எழுதிவிட்டுத்தான் டாக்டரிடம் விடுவார். பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-இல். இப்போது நாம் அம்மை என்று சொல்வது பெரும்பாலும் சின்னம்மை. அதில் தனித்தனி நீர்க்கொப்புளங்கள் வரும், ஏடு ஏடாகத் தோல் வராது. வித்தியாசம் கண்டுபிடிக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். டயாலிசிஸ் செய்கிறவருக்குக் காய்ச்சலோடு தோல் சிவந்தால், அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். வேப்பிலையை வாசலில் செருகுங்கள். உரிந்த தோலில் இலை, மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் படக்கூடாது.

பேத்தி

உங்கள் கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். பெரியவர்களுக்கு அபூர்வமான இந்த நோய்க்குச் சொந்த ஊரே சிசுக்கள்தான் என்று மேலே சொன்னேன். தாத்தாவின் தோல் உரிந்தது யாருக்கும் தொற்றாது. அந்த விஷத்தைச் சுரக்கும் கிருமி தொற்றும். அது அவர் மூக்கில் இருக்கலாம், உங்கள் மூக்கிலும் இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அதனால் இந்த நோய் வருவது மிக அபூர்வம். அதனால் உங்கள் கடையில் மீன் வாங்கத் தயங்கும் அக்கம்பக்கத்தார் பயப்படுவது தேவையில்லாத பயம். குழந்தை விஷயம் வேறு.

அழைத்துவரும் முன் இதைச் செய்யுங்கள். தோல் பிரிவில் ரிவ்யூவுக்குப் போகும்போது அவருக்கும் வீட்டிலிருப்பவர்களுக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். கிருமி இருந்தால் மூக்குக்குள் தடவ மியூபிரோசின் களிம்பு தருவார்கள். வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். குளிக்கக் குளோர்ஹெக்ஸிடின் கரைசலும் தரலாம். அதுவரை ஒரு மாதம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. வந்தபின், ஒரே துண்டை எல்லோரும் துடைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் தினமும் துண்டு துவைக்கச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆளுக்கொரு துண்டு, அதை வெயிலில் நன்றாகக் காயவைப்பது என்ற அளவிலாவது இருக்கட்டும். குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தாத்தா தூக்கலாம், கொஞ்சலாம். கழுத்திலோ விரலிலோ சீழ் இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

குழந்தையின் வாயைச் சுற்றியோ கழுத்து மடிப்பிலோ அக்குளிலோ சிவந்து, தூக்கினாலே வீறிட்டு அழுது, பால் குடிக்க மறுத்தால் அன்றைக்கே மருத்துவமனை. தாத்தாவுக்கு என்ன நோய் வந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மீன்

கரப்பான், கிரந்தி என்று ஒரு மாதமாக அவரைக் கவிச்சியே தொடவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காசிமேட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷன் ஒரு மாதமாக ரசம்சோறு! புதுத்தோல் உண்டாகப் புரதம் வேண்டும். டயாலிசிஸிலும் புரதம் வீணாகிறது. அவருக்கு மீன் கொடுங்கள், மீனால் அலர்ஜி வந்தவர் இல்லையே அவர். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு. முள்ளோடு மெல்லும் நெத்திலியைவிடச் சதைமீன் நல்லது. முள்ளில் பாஸ்பரஸ் அதிகம், சிறுநீரகம் இல்லாதவர் உடம்பில் அது தேங்கும். குழம்பு கொஞ்சமாக. எவ்வளவு என்பதை டயாலிசிஸ் பிரிவின் டயட்டீஷியன் சொல்வார்.

மறுபடி வருமா?

அபூர்வம்தான், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. தடுக்க நீங்கள் செய்யக்கூடியதில் பெரியது, ஃபிஸ்டுலாவுக்கு மறுபடி முயற்சி செய்வது. கையில் போடும் ஃபிஸ்டுலாவைவிட டியூபில் கிருமி ஏறும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஒன்று அடைத்துப்போனதால் இன்னொன்று கூடாது என்றில்லை. மற்றக் கையில் முடியுமா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வார்கள். "டியூப்பே இருக்கட்டும், ஊசி குத்துறது வலிக்குது" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது மறுபக்கம் வைத்திருக்கும் டியூபை நனைக்கக் கூடாது. பிளாஸ்திரியை வீட்டில் மாற்றவே கூடாது, அது டயாலிசிஸ் நர்ஸின் வேலை. சிவப்பு, சீழ், நடுக்கத்தோடு காய்ச்சல் மூன்றில் எது வந்தாலும், நாளை மறுநாள் டயாலிசிஸ் இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளாமல், அன்றைக்கே போய்விடுங்கள். ராத்திரியானால் 108. வலை வேலைக்குத் தோல் முழுக்கத் தேறியபின் போகலாம். நைலான் நூல் விரலை அறுக்கும், கையுறையோ விரலுறையோ இல்லாமல் வேண்டாம். ஃபிஸ்டுலா போட்டால் அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது.

கேஸ்

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு மருத்துவமனைகளிலும் கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. கேஸ் போடாவிட்டாலும் அந்தத் தாள்கள் வேண்டும், அடுத்த முறை பார்க்கப்போகும் டாக்டருக்காக. தனியார் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, அதனால் தம்பி அவசரப்படுத்துவதற்காக ஓட வேண்டாம். தவறான கணிப்பு மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. அந்த நிலையில் ஒரு சராசரி டாக்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், மாத்திரை போட்டவர் தோல் உரிந்து வந்தால் மருந்து ஒவ்வாமையை முதலில் நினைப்பதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்து பார்க்காமலே ஓய்வு பெறும் டாக்டர்கள்தான் அதிகம். ஆனால் டயாலிசிஸ் டியூபோடு காய்ச்சலில் வந்தவருக்கு ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று இரண்டு நாளாக யாருமே பார்க்கவில்லை என்றால், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பார்த்தார்களா இல்லையா என்பது கேஸ் ஷீட்டில் இருக்கும். அதைப் படித்தபின் முடிவெடுங்கள்.

அந்த இரண்டு நாளுக்குக் கட்டிய பணத்துக்குத் தோடு அடகில் இருக்கிறது என்றீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்னும் வாங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பழைய கடனுக்கு அது உதவாது, ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு உதவும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். சிறுநீரகப் பிரிவு, தோல் பிரிவு இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஆடி வேண்டுதல்

பிழைத்து வந்தால் மகன் அங்கப்பிரதட்சணம் செய்வான் என்று உங்கள் மாமியார் நேர்ந்துகொண்டிருக்கிறார். புதுத்தோல், சர்க்கரை, கழுத்தில் டியூப், கோயில் பிரகாரத்தின் ஈரத்தரை. முடியாது. வேண்டுதலைக் கூழாக மாற்றிக்கொள்ள அம்மன் ஒத்துக்கொள்வாள் என்று மாமியாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். கூழ் ஊற்றும் அன்று அவருக்கும் அரை டம்ளர் கொடுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டயாலிசிஸில் சொன்ன கணக்கில் அந்த அரை டம்ளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.